ஜப்பான் போகிறேன். ஹிரோஷிமா தவிர, போர் பற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி, மார்ச் 2, காலை

மே மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, அப்புறம் ஒரு நாள் ஹிரோஷிமா. போர்க்கால வரலாற்றில் எனக்கு ஆர்வம் உண்டு. ஆனால் போய் வந்த நண்பர் சொல்கிறார், அங்கே எங்கே திரும்பினாலும் அணுகுண்டு சோகம்தானாம், அடுத்த நாடுகளில் அவர்கள் செய்ததைப் பற்றி ஒரு பலகைகூடக் கிடையாதாம். உண்மையா? பையனுக்குப் பத்து வயது. அவனை ஹிரோஷிமா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாமா?

மார்ச் 2, இரவு

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி அவர் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அது பெரிய கட்டடங்களில் இல்லை. நான் மலேசியாவின் ஈப்போக்காரன். வேலை விஷயமாக ஜப்பான் போய் வருபவன், சனி ஞாயிறு கிடைத்தால் கோயில் தோட்டம் என்று சுற்றாமல் இந்த மாதிரி இடங்களாகத் தேடிப் போவது வழக்கம் (வீட்டில் இதைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது). பார்த்தவரை எனக்குப் பட்டது இதுதான்: ஓர் அருங்காட்சியகத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒசாகாவிலேயே ஆரம்பிக்கலாம். கோட்டைப் பூங்காவின் ஓரத்தில் ‘பீஸ் ஒசாகா’ என்று ஒன்று இருக்கிறது, மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து 1991இல் திறந்தது. அந்தக் காலத்தில் ஒசாகா மேல் விழுந்த குண்டுகளோடு, சீனாவிலும் கொரியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஜப்பான் ராணுவம் செய்ததையும் அங்கே வைத்திருந்தார்கள். நாட்டைக் கேவலப்படுத்துகிறது என்று உள்ளூர் அரசியல்வாதிகள் சத்தம் போட, 2015இல் புதுப்பித்துத் திறந்தபோது அந்தப் பகுதியைக் காணோம். இப்போது போனால் ஒசாகா எரிந்த கதை மட்டும் கிடைக்கும். அது பொய்யில்லை, நகரம் எரிந்தது உண்மைதான். சரணடைவு அறிவிப்புக்கு முந்தின நாள், 1945 ஆகஸ்ட் 14 அன்றுகூடக் குண்டு போட்டார்கள், கோட்டையை ஒட்டி இருந்த ராணுவ ஆயுதத் தொழிற்சாலை குறி, பக்கத்து கியோபாஷி ரயில் நிலையத்தில் நின்றிருந்த சனங்களும் செத்தார்கள்.

கியோட்டோவில் இதற்கு நேர் எதிர். ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகம் 1992இல் திறந்த அமைதி அருங்காட்சியகம், தங்கக் கோயிலுக்குப் பக்கத்தில். அங்கே ஜப்பான் அடித்ததும் இருக்கும், அடி வாங்கியதும் இருக்கும். தங்கக் கோயிலில் மூச்சு முட்டும் கூட்டம் நிற்கும், இங்கே உங்களுக்கு ஒரு கூடமே தனியாகக் கிடைக்கலாம்.

மார்ச் 3

பையன் விஷயத்தை விட்டுவிட்டேன். கூட்டிப் போங்கள், ஆனால் அவன் கையை விடாதீர்கள். முன்பு தோல் உரிந்து தொங்க நடந்து வரும் ஆள் பொம்மைகள் இருந்தன, பிள்ளைகள் அலறும், 2017இல் எடுத்துவிட்டார்கள். இப்போது இறந்தவர்களின் பொருட்களும் படங்களும்தான். ஆனால் எனக்கு அந்தப் பொம்மைகளைவிட இவைதான் தாங்க முடியவில்லை. கருகிய சாப்பாட்டு டப்பாவுக்கு முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது.

அவனுக்கு ரொம்பக் கனமாக இருந்தால், பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஃபுகுரோமாச்சி ஆரம்பப் பள்ளி இருக்கிறது. குண்டு விழுந்தபின் எஞ்சி நின்ற கான்கிரீட் கட்டடம், சிகிச்சை இடமாக மாறியது. புகை படிந்து கறுத்துப்போன சுவரில் சாக்பீஸால் ஆட்கள் எழுதி வைத்தார்கள்: இன்னாரைக் காணோம், தெரிந்தால் சொல்லுங்கள், நான் இந்த ஊரில் இருக்கிறேன் என்று. பிற்பாடு மேலே பூசி மறைத்துவிட்டார்கள். 1999இல் பூச்சை உரித்தபோது எழுத்துகள் வெளியே வந்தன. மாடிப்படி ஓரத்து அந்தச் சுவரைப் பார்க்க அதிகம் பேர் வருவதில்லை. ஜப்பானிய எழுத்து எனக்கு அரைகுறை, ஆனாலும் ஓர் ஆள் அவசரத்தில் எழுதினால் வரி எப்படிக் கீழே சரியும் என்பது தெரிகிறது.

டிராமில் போங்கள். குண்டு விழுந்த மூன்றாவது நாளே, ஆகஸ்ட் 9 அன்று, ஒரு துண்டுப் பாதையில் அந்த ஊர் டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. அன்று அடிபட்டுத் தப்பிய 651, 652 எண் பெட்டிகளைப் பழுது பார்த்து வெகுகாலம் ஓட்டினார்கள்.

மார்ச் 5

நேற்று ஒருவர் தனியாகக் கேட்டார்: “ஹிரோஷிமாவைப் பரிதாபமாகவே காட்டுகிறீர்களே, அங்கிருந்துதானே படைகள் கப்பல் ஏறின?” உண்மை. ஹிரோஷிமா ராணுவ நகரம், உஜினா துறைமுகத்திலிருந்துதான் சீனாவுக்கு ஆள் போனது. அதே மாநிலத்தில் ஒகுனோஷிமா என்று ஒரு குட்டித் தீவு, சுற்றளவு நாலு கிலோமீட்டர். முயல் தீவு என்று யூட்யூபில் பார்த்திருப்பீர்கள். 1929 முதல் 1945 வரை அங்கே ராணுவத்தின் நச்சுவாயுத் தொழிற்சாலை இருந்தது, மஸ்டர்ட் வாயு, லூயிசைட், கண்ணீர்ப்புகை எல்லாம். வரைபடத்திலிருந்தே தீவை அழித்துவிட்டார்கள். செய்த சரக்கு சீனாவில் பயன்பட்டது. வேலை செய்த ஆயிரக்கணக்கான உள்ளூர்க்காரர்கள், கட்டாயமாக அனுப்பப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் உட்பட, பின்னாளில் நுரையீரல் நோயால் திண்டாடினார்கள்.

மிஹாராவரை புல்லட் ரயில், அங்கிருந்து குரே பாதையில் தடனௌமி, நிலையத்திலிருந்து பொடிநடையாய்ப் படகுத்துறை. முயல் தீனியைத் துறையிலேயே வாங்கிவிட வேண்டும், தீவில் கிடைக்காது. இறங்கியதும் முயல்கள் காலைச் சுற்றும், பையனுக்குக் கொண்டாட்டம். நானும் பாதிப் பாக்கெட்டை அங்கேயே காலி செய்துவிட்டுத்தான் உள்ளே நடந்தேன். நாகௌரா பக்கம் போனால் வாயு சேமித்த தொட்டி அறைகள், பெரிய பெரிய கான்கிரீட் பொந்துகள். போருக்குப்பின் மிச்ச விஷம் போக நெருப்பை ஊதிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், சுவரெல்லாம் இன்னும் கரி. அந்தக் கறுப்புக்கு முன்னால் ஒரு முயல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் அதைப் படம் எடுத்தார்கள், பின்னணியில் கரி நன்றாக விழுகிறது என்று ஒருத்தி சொன்னாள்.

நச்சுவாயு அருங்காட்சியகம் 1988இல் வந்தது. சின்னது. ரப்பர் பாதுகாப்பு உடை, வாயுவைக் குளிரவைக்கும் பீங்கான் குழாய்கள், புண்பட்ட உடம்புகளின் படங்கள். இதை நடத்துவது தகேஹாரா நகராட்சி. அரசுக் கட்டடத்தில் எதுவும் கிடையாது என்ற வாதம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஆனால் கவனியுங்கள், உள்ளூர்க்காரர்களின் நுரையீரல் கெட்டதால் வந்த அருங்காட்சியகம் இது. சீனா பக்கத்துக் கதை அங்கே இருக்கிறது, இருந்தாலும் பின்வரிசையில்.

மார்ச் 6

முயல்கள் வாயுச் சோதனைக்கு வைத்திருந்தவற்றின் வம்சம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கதை, ஆனால் இல்லை. சோதனை முயல்களைக் கொன்றுவிட்டார்கள். இப்போது இருப்பவை 1971 வாக்கில் ஒரு பள்ளியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட கதை.

மார்ச் 10

இன்று டோக்கியோ எரிந்த நாள். 1945 மார்ச் 10, நள்ளிரவு தாண்டியதும் 300 பி-29 விமானங்கள் அளவில் வந்து, சுமிதா ஆற்றோர மரவீடுகள் மேல் நேப்பாம் என்ற எரிகுழம்பைக் கொட்டின. ஒரே இரவில் சுமார் 1,00,000 பேர். அணுகுண்டு இல்லாமலே அந்தக் கணக்கு. ஆனால் இத்தனை பெரிய நகரத்தில் இதற்கென்று மாநகரம் கட்டிய ஓர் அருங்காட்சியகம் கிடையாது. திட்டம் இருந்தது, கண்காட்சியில் என்ன வைப்பது என்ற சண்டையில் 1999இல் கிடப்பில் போட்டார்கள். அப்புறம் சனங்களே காசு திரட்டி 2002இல் கோத்தோ வட்டாரத்தில், கிதாசுனாவில், ஒரு சின்ன மையம் திறந்தார்கள். குடியிருப்புத் தெருவுக்குள் இருக்கிறது, நான் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். மூதாட்டி ஒருவர் குண்டின் உறையைக் கையில் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள் என்றார்.

சுமோ அரங்கு இருக்கும் ரியோகோகுவில் யோகோஅமிச்சோ பூங்காவையும் பாருங்கள். 1923 நிலநடுக்கத்தில் அந்த மைதானத்தில் ஒதுங்கிய சுமார் 38,000 பேர் தீயில் மாண்டார்கள், அதற்குக் கட்டிய நினைவு மண்டபத்திலேயே பிற்பாடு 1945இல் எரிந்தவர்களின் சாம்பலையும் சேர்த்து வைத்தார்கள். இரண்டு பேரழிவுக்கு ஒரே வீடு. அதே பூங்காவில், நிலநடுக்கத்துக்குப்பின் வதந்தியால் கொல்லப்பட்ட கொரியர்களுக்கு 1973இல் வைத்த கல் ஒன்றும் உண்டு. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சிக்கு டோக்கியோ ஆளுநர் இரங்கல் செய்தி அனுப்புவது வழக்கம், 2017இலிருந்து அது நின்றுவிட்டது.

இன்னொன்று. அந்தத் தாக்குதலை நடத்திய அமெரிக்கத் தளபதி கர்ட்டிஸ் லெமே. அவருக்கு 1964இல் ஜப்பான் அரசே உயர்ந்த விருது கொடுத்தது, விமானப் படையை மீண்டும் அமைக்க உதவியதற்காம். இதை முதலில் படித்தபோது யாரோ நக்கலுக்கு எழுதியது என்று நினைத்தேன்.

மார்ச் 13

யசுகுனி பற்றி இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், சரி.

டோக்கியோ நடுவில் இருக்கும் கோயில், 1869இல் தொடங்கியது, போர்களில் இறந்த 24 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தெய்வமாக வைத்திருக்கிறது. 1978இல் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் சத்தமில்லாமல் சேர்த்தார்கள். மன்னர் கடைசியாக வந்தது 1975. பிரதமர் யாராவது போனால் சீனாவும் கொரியாவும் கொதிப்பது அதனால்தான். டோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டது என்று வானிலைத் துறை அறிவிப்பதற்குப் பார்க்கும் மரமும் அந்த வளாகத்தில்தான் நிற்கிறது, இந்த மாதக் கடைசியில் டிவியில் காட்டுவார்கள்.

உள்ளே யூஷூகான் என்ற அருங்காட்சியகம். முன்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. நுழைந்தால் ஜீரோ போர் விமானம், எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு நீராவி இஞ்சின், சி56 31. கறுப்புப் பெயிண்ட் புதிதாய் மின்னுகிறது, சக்கரத்து இணைப்புக் கம்பிகளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள், ஒரு பொட்டுத் துரு கிடையாது. இந்த ரக இஞ்சின்கள் 90ஐத் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். இது சயாம்-பர்மா ரயில்பாதைத் திறப்பு விழாவில் ஓடியது, போரின்போது ஜப்பான் ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை அது. பழைய ரயில் படைக்காரர்கள் முயற்சி எடுத்து 1979இல் தாய்லாந்திலிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். இவ்வளவும் அங்கே இருக்கும் பலகையில் இருக்கிறது.

பலகையில் இல்லாதது: 415 கிலோமீட்டர், ஓராண்டும் சில மாதமும். நேசப்படைக் கைதிகள் 60,000 பேரில் 12,000க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில், அவர்களில் 90,000 பேர்வரை செத்திருக்கலாம் என்கிறார்கள், சரியான கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அதில் கணிசமானோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், ஆள் போதாதபோது பிடித்துக் கொண்டே போனார்கள். காலரா. வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது தங்கள் ஆட்களிலேயே டாக்டர்கள் இருந்தார்கள், இவர்களுக்கு அதுவும் இல்லை.

என் பாட்டியின் அண்ணன் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர். வரவில்லை. பாட்டி ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசினால் மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் போட்ட நோட்டு, சாக்குத் துணி என்று போகும், அண்ணன் பேச்சு வந்தால் “சயாமுக்குப் போனாரு” என்பதோடு நிற்கும். அந்த இஞ்சின் பக்கத்தில் நின்றபோது எனக்குப் பெரிய கோபம் எதுவும் வரவில்லை, உண்மையைச் சொன்னால் முதலில் மண்டையில் ஓடியது இஞ்சினை எவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்பதுதான். கோபம் ஹோட்டலுக்குத் திரும்பியபின் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டிப் படம் எடுத்ததை நினைத்ததும்.

மார்ச் 14

“நேதாஜிக்கு உதவிய ஜப்பானைக் குறை சொல்லும் மலேசியக்காரர்” என்று எனக்கு ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது. நன்றி. நேதாஜியின் அஸ்தி இருக்கும் ரென்கோஜி கோயிலுக்கும் போயிருக்கிறேன், டோக்கியோ சுகினாமி வட்டாரத்தில், வீடுகளுக்கு நடுவே சின்னக் கோயில். முற்றத்தில் மார்பளவுச் சிலை. நேரு 1957இல் வந்தார், வாஜ்பாயி 2001இல் வந்தார். விமான விபத்து நடந்ததா இல்லையா என்ற சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள், இழை அத்தோடு காலி.

யசுகுனியில் நீதிபதி ராதாபினோத் பாலுக்கு 2005இல் வைத்த நினைவுக்கல் உண்டு என்று இன்னொருவர் நினைவூட்டினார், “ஜப்பான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று ஓர் இந்தியரே தீர்ப்பு எழுதியிருக்கிறார்” என்று. பால் அப்படி எழுதவில்லை. போருக்குப்பின் ஜப்பான் தலைவர்கள் மேல் நடந்த டோக்கியோ விசாரணையில் அவர் ஒரு நீதிபதி, குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவிக்க வேண்டும் என்றார், ஜெயித்தவர்கள் பின்தேதியிட்டுச் சட்டம் செய்து தோற்றவர்களைத் தண்டிப்பது நீதியாகாது என்பது அவர் வாதம். ஆனால் ஜப்பான் படைகள் அட்டூழியம் செய்ததற்குச் சாட்சியம் மிக வலுவாக இருக்கிறது என்பதையும் அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டார். கல் வைத்தவர்களுக்கு முதல் பாதி போதுமாக இருந்தது.

மார்ச் 14, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை. நேதாஜி பேச்சு வந்ததால் ஒரு தேதிக் கணக்கு. 1943 அக்டோபர் 17 அன்று சயாம் பக்கத்துத் தண்டவாளமும் பர்மா பக்கத்துத் தண்டவாளமும் கொங்கொய்தாவில் சேர்ந்தன. அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். அக்டோபர் 25 ரயில்பாதைத் திறப்பு விழா, நம்ம சி56 31 ஓடிய நாள். எல்லாம் ஒன்பது நாளுக்குள் நடந்த சங்கதி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐஎன்ஏவில் சேர்ந்தவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம், அதன் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் இருந்தார்கள், அவர்கள் பர்மாவுக்குப் போனது அந்தத் தண்டவாளத்தின் மேலேயேதான். அண்ணன் போட்ட பாதையில் தங்கை போர்முனைக்குப் போனாள் என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும், ஆனால் அப்படிப்பட்ட வீடுகள் இருந்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே தாத்தாவின் தம்பி ஐஎன்ஏ. கூடத்தில் நேதாஜி படம் மாலையோடு தொங்கியது, பக்கத்தில் சின்னத் தாத்தா சீருடையில். பாட்டியின் அண்ணனுக்கு ஒரு படமும் கிடையாது, எடுத்ததும் இல்லை, அவர் பெயரை நான் பதினைந்து பதினாறு வயதில்தான் கேட்டேன். யூஷூகான் பலகையைத் திட்டி ஒரு பத்தி எழுதிவிட்டேன். அந்தக் கூடத்துச் சுவரில் எதை மாட்டுவது என்று முடிவு செய்ததும் எங்கள் ஆட்கள்தான்.

மார்ச் 20

கியோட்டோ போகிறவருக்கு ஒன்று. வடக்கே இச்சிஜோஜி பக்கம் என்கோஜி கோயில், இலையுதிர்காலச் சிவப்புக்குப் பேர் போனது. அங்கே ஜொகூரைச் சேர்ந்த சையது ஒமார் என்ற மாணவரின் சமாதி இருக்கிறது, முஸ்லிம் முறையில் கட்டியது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைத்தார்கள், அவர் ஹிரோஷிமாவில் படித்தார், குண்டில் மாட்டினார், டோக்கியோவுக்குப் போகும் வழியில் கியோட்டோவில் 1945 செப்டம்பரில் இறந்தார். உடன் படித்த நிக் யூசோபும் இறந்தார், அவர் சமாதி ஹிரோஷிமாவில். மூன்றாமவர் அப்துல் ரசாக் தப்பி மலேசியா திரும்பி ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார். ஜப்பான்காரன் கையால் சயாமில் சாகாமல், அமெரிக்கன் கையால் ஹிரோஷிமாவில் செத்த மலாயாப் பையன்கள். இவர்களை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்?

ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போகும் வழியில் குராஷிகி வரும், கால்வாய் ஓரத்து வெள்ளைச் சுவர்களைப் பார்க்க எல்லாரும் இறங்குவார்கள். நாகாசே தகாஷியின் ஊர் அது. அந்த ரயில்பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ராணுவக் காவல்படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், சித்திரவதை நடக்கும்போது பக்கத்தில் நின்றவர். போர் முடிந்ததும் கல்லறை தேடும் குழுவோடு அந்தப் பாதை நெடுகப் போனார். பிறகு நூறு தடவைக்கு மேல் தாய்லாந்து போய் வந்தார், 1986இல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே ஒரு கோயில் கட்டினார், 1993இல் தன் முன்னால் அடிபட்ட பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். 2011இல் காலமானார். யசுகுனியையும் அரசின் போக்கையும் வெளிப்படையாகக் கண்டித்தவர். உங்கள் நண்பரிடம் இவர் பெயரையும் சொல்லுங்கள்.

மார்ச் 27

உங்கள் பயணத்திட்டம் பார்த்தேன். ஹிரோஷிமாவுக்கு ஒரே நாள் என்றால் ஒகுனோஷிமாவையும் அதில் திணிக்காதீர்கள், ஒன்று அங்கே ஓர் இரவு தங்குங்கள், இல்லை முயலை விடுங்கள். அமைதிப் பூங்காவில் குழந்தைகள் நினைவுச்சின்னத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், கல் ஆமை மேல் நிற்கும், அதே குண்டில் இறந்த கொரியர்களின் நினைவுத்தூணையும் பையனுக்குக் காட்டுங்கள். 1970இல் வைத்தபோது அதற்குப் பூங்காவுக்குள் இடம் கிடைக்கவில்லை, 1999இல்தான் உள்ளே வந்தது. செத்தபின்னும் வெளியே ஏன் நிற்க வேண்டும் என்று அவன் கேட்பான், பதில் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

ஒகினாவாவை ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டவருக்கு: அதை அரை நாளில் முடிக்க முடியாது என்பதால்தான். அங்கே மபுனியில், 1945இல் அமெரிக்கப் படையோடு நடந்த சண்டையின் நினைவாக, 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், சண்டை போட்டு இறந்த அமெரிக்கர் பெயரும் அதில் இருக்கிறது. ஒரு குகையில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் பயத்தில் தங்களையே கொன்றுகொண்டார்கள். பக்கத்துக் குகையில் ஹவாயில் இருந்து திரும்பிய இரண்டு பேர் வெளியே போய் அமெரிக்கப் படையிடம் ஆங்கிலத்தில் பேசியதால் ஆயிரம் பேர் பிழைத்தார்கள். அதற்கு ஒரு தனிப் பயணம் வேண்டும், நானே அடுத்த வருஷம் போகலாம் என்றிருக்கிறேன்.

யசுகுனிக்குப் பையனைக் கூட்டிப் போகலாமா என்ற கேள்விக்கு: போகலாம், அதே நாளில் கிதாசுனாவுக்கும் போவதாக இருந்தால். இரண்டுக்கும் நேரம் இல்லை என்றால் கிதாசுனா. சைவச் சாப்பாடு பற்றிக் கேட்டவர் தயவுசெய்து வேறு இழை தொடங்குங்கள், அதில் எனக்குப் போரைவிட நீளமான புகார்கள் இருக்கின்றன.